கிளிநொச்சி இரவல் கடையில் ஹைன்ரிஷ் ப்யோல்

ஏ9 வீதியோரத்துப் பழைய புத்தகக் கடையொன்றின் இரவல் தட்டில் ஜேர்மன் எழுத்தாளர் ஹைன்ரிஷ் ப்யோலின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் வந்திருக்கின்றன. வன்னியில் இது சின்ன விசயமில்லை. 1917இல் கொலோனில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் படையில் காயப்பட்டு, இடிந்த ஊருக்குத் திரும்பி எழுதியவர். 1972இல் நோபல் பரிசு.

தொடங்க வேண்டியது சிறுகதைத் தொகுப்பில். 'பாலத்தருகே' சில பக்கம்தான். காலில் காயப்பட்ட ஒருவருக்குப் புதுப் பாலத்தால் போகிற சனத்தை எண்ணுகிற வேலை. தான் விரும்பும் பெண் போகையில் மட்டும் எண்ணாமல் விடுகிறார். மீள்குடியேற்றப் பதிவுகளில் எண்ணாகி நின்ற சனத்துக்கு அந்த இடத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

'ஒன்பதரைக்கு பில்லியர்ட்ஸ்' பிந்தட்டும். பலர் பாதியில் விடுவது இதைத்தான். 1958இல் ஒரே நாளுக்குள் 50 வருடக் கதை முன்பின்னாக ஓடும். ஒரு துண்டுத்தாளில் எழுதி வையுங்கள்: பாட்டன் ஹைன்ரிஷ் மடாலயத்தைக் கட்டினார், மகன் ரோபர்ட் தகர்த்தார், பேரன் யோசெப் திரும்பக் கட்டும் வேலையில். பிறகு குழம்பாது.

'மௌனத் தேவதை' இருந்தால் விடாதீர்கள். போர் முடிந்த சில வருடங்களில் எழுதிய நாவல். அச்சேறியது 1992இல், அவர் இறந்து 7 வருடத்தின் பின்.

இரவல் இரண்டு புத்தகம், 14 நாளுக்கு. வெக்கைக்கு முதுகுப் பசை காய்ந்திருக்கிறது. விரித்து அமத்தினால் தாள் கழரும். எடுக்கும்போதே பக்கங்களைப் பார்த்து, கழன்றதைக் கொப்பியில் குறிப்பிக்கவும். இல்லாவிட்டால் தண்டம் உங்களுக்கு.