கோரிப்பாளையம் ‘நரம்பு புரொபசர்’: ஒரு மாலை நேர மருத்துவ ஆலோசனை பற்றிய மதிப்பீடு

மதுரையில் நரம்பியல் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. ஸ்கேன், ஆய்வகம், மருந்தகம் எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனைகள் மேலூர் சாலையிலும் கே.கே. நகரிலும் உள்ளன. இருந்தும், அரசு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், கோரிப்பாளையத்துக்கு அருகே தம் வீட்டின் முன்பகுதியில் மாலை வேளைகளில் நடத்தும் ஆலோசனைக்குக் கம்பம், சிவகங்கை, அருப்புக்கோட்டை என்று நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டேயிருக்கிறார்கள். விளம்பரம் தமக்கு வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் பெயரை எழுதவில்லை; அந்த வட்டாரத்து மருந்துக் கடைகளில் ‘நரம்பு புரொபசர்’ என்று கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள். என் தாயாரை ஓராண்டுக்கும் மேலாக அங்கே அழைத்துச் சென்றுவரும் அனுபவத்தில் இதை எழுதுகிறேன். நோயாளி சொல்வதை முழுவதும் கேட்டு, உடம்பைத் தொட்டுப் பார்த்து, அதற்குப் பிறகே நோய்க்குப் பெயர் சொல்லும் மருத்துவம் வேண்டும் என்பவர்கள் தயங்காமல் இவரிடம் போகலாம் என்பது என் கருத்து.

நாங்கள் உசிலம்பட்டிப் பக்கம். அறுபத்தெட்டு வயதாகும் என் தாயார் சிறு வயது முதல் பூக் கட்டுகிறவர். பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே கட்டிவிடுவார். படுக்கையில் புரண்டால் தலை சுற்றுகிறது என்று போனபோது, ஒரு தனியார் மருத்துவர் சின்னரிசின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று சீட்டில் இல்லை. அந்தப் பழைய சீட்டைக் காட்டியே மாதக் கணக்கில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். சிறிது சிறிதாக நடை தளர்ந்தது, முகத்தில் சிரிப்பு குறைந்தது, சேலைக் கொசுவம் வைக்க மருமகளின் உதவி தேவைப்பட்டது, பூக் கட்டுவது நின்றே போனது. வேறொரு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், மூளையில் ஒன்றுமில்லை என்றார்கள், பார்க்கின்சன் நோய் (உடம்பு இறுகி, அசைவு தளரும் மூளை நோய்) என்று சொல்லி அதற்கும் மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டும் பெரிய மாற்றம் இல்லை. அப்போதுதான் எங்கள் ஊர்ப்பக்கத்தில் பணியாற்றும் ஓர் இளம் மருத்துவர், தம் ஆசிரியரை ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

முதல் ஆலோசனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சேவையின் அருமை முழுவதும் அதில்தான் இருக்கிறது. நான் நீட்டிய ஸ்கேன் உறையை வாங்கி மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, “சொல்லுங்கம்மா, முதன்முதலா உடம்புக்கு என்ன வந்துச்சு?” என்று கேட்டார். நான் இடையில் பேசப் போனதும், “அவங்களே சொல்லட்டும் தம்பி” என்று நிறுத்திவிட்டார். மல்லிகை வாசனை முன்போலத் தெரிகிறதா, தூக்கத்தில் கத்துவது, கை காலை உதறுவது உண்டா, மலச்சிக்கல் எப்போதிலிருந்து என்று கேட்டார். ஒரு முழம் பூக் கட்ட முன்பு எவ்வளவு நேரமாகும், நிறுத்துவதற்கு முன்பு எவ்வளவு நேரமானது என்றும் கேட்டார். பிறகு விரல்களைத் தட்டச் சொன்னார், மணிக்கட்டை மடக்கி நீட்டிப் பார்த்தார், வராந்தாவில் நடக்கவிட்டுக் கை வீச்சைக் கவனித்தார், பின்னால் நின்று தோளை மெல்ல இழுத்து நிலை தடுமாறுகிறதா என்று பார்த்தார். சாப்பிடும் மாத்திரைகளைக் காட்டச் சொன்னபோது அம்மா இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தார். முடிச்சை இழுக்க விரல்கள் திணறின. உதவப் போன என்னைக் கையசைத்து இருக்கச் சொல்லிவிட்டு, மருத்துவர் அம்மாவின் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து வெளியே வந்த அட்டைகளில் ஒன்றை எடுத்து, “இது எத்தனை மாசமா ஓடுது?” என்றார். அது அந்தத் தலைசுற்றல் மாத்திரை.

அதன் பிறகு அவர் விளக்கிய விதம் படிக்காதவர்களுக்கும் புரியக் கூடியது. சின்னரிசின், ஃப்ளூனரிசின் போன்ற மருந்துகள் மூளையில் உடல் அசைவுக்கு உதவும் டோபமின் என்ற வேதிப்பொருள் வேலை செய்யும் இடங்களை அடைத்துவிடக் கூடியவை. வயதானவர்கள் நெடுநாள் சாப்பிட்டால் பார்க்கின்சன் போலவே உடம்பு இறுகிப்போகலாம். வாந்திக்குக் கொடுக்கப்படும் சில மாத்திரைகளும் மனநோய் மருந்துகள் பலவும் அப்படிச் செய்யக் கூடியவை. பார்க்கின்சன் நோய் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும், சும்மா வைத்திருக்கும் கை நடுங்கும். மருந்தால் வருவது பல நேரங்களில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகத் தொடங்கும். வழக்கமான எம்.ஆர்.ஐ. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது, கேள்வியும் பரிசோதனையும்தான் சொல்லும் என்றார். மாத்திரையை நிறுத்தச் சொன்னார். குணமாகச் சில மாதங்கள் பிடிக்கும் என்றும், சிலருக்கு உள்ளே மறைந்திருந்த உண்மையான பார்க்கின்சன் நோய்தான் மருந்தால் முன்கூட்டி வெளிப்பட்டிருக்கும், ஆகவே தொடர்ந்து வந்து காட்ட வேண்டும் என்றும் எச்சரித்தார். நல்ல செய்தியை மட்டும் சொல்லி அனுப்பாத அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

தலைசுற்றலையும் அவர் விட்டுவிடவில்லை. அம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்துக் கண்களைப் பார்த்தார். கருவிழிகள் துடிப்பதை எனக்கும் காட்டினார். உட்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் புகுந்துவிட்டால் இப்படிச் சுற்றும் என்றும், எப்ளி என்ற முறையில் தலையை வரிசையாகத் திருப்பினால் துகள்கள் வெளியேறிவிடும் என்றும் சொல்லி, அங்கேயே செய்து முடித்தார். சில நிமிட வேலை. இதற்காகவா இவ்வளவு மாத்திரைகள் என்று எனக்கு மனம் கொதித்தது.

நான்கைந்து மாதங்களில் முகம் தெளிந்து, நடை திரும்பியது. பார்க்கின்சன் மாத்திரையையும் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டார். அம்மா இப்போது மறுபடியும் பூக் கட்டுகிறார். பழைய வேகம் முழுவதும் வரவில்லை.

இந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்பதை அவருடைய மாணவரான அந்த இளம் மருத்துவர் சொல்லக் கேட்டேன். வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமம், தமிழ் வழிப் பள்ளி, 1954-ல் தொடங்கப்பட்ட மதுரை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ்., பிறகு சென்னையில் நரம்பியல் மேற்படிப்பு. தமிழ்நாட்டு நரம்பியலுக்கு ஒரு பெருமைமிக்க மரபு உண்டு. 1949-ல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியும், அடுத்த ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் மூளை அறுவை மருத்துவத்தைத் தொடங்கிவைத்தார்கள், இவர்கள் எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோருடன் சேர்ந்து 1951-ல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள். மனிதருக்கு முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டதே 1971-ல், இலண்டனில்தான். அதற்கு முந்தைய தலைமுறையினர் சுத்தியலையும் இசைக்கவையையும் கண் பார்க்கும் விளக்கையும் வைத்துக்கொண்டே மூளையில், தண்டுவடத்தில் எந்த இடத்தில் கோளாறு என்று கணித்தார்கள். ‘மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்’ என்று உலகம் இன்று அழைக்கும் நோயைச் சென்னை மருத்துவர்கள் 1970-ல் விவரித்ததும், இளம் வயதில் கை கால் மெலிந்து காதும் கேளாமல் வந்தவர்களைக் கூர்ந்து பார்த்ததால்தான். எங்கள் பேராசிரியர் அந்தத் தலைமுறையிடம் பாடம் கேட்டவர்.

தனியார் மருத்துவமனைகள் அழைத்தும் அவர் அரசுப் பணியை விடவில்லை. எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று பெரியவர்கள் இன்றும் சொல்லும் அரசு இராசாசி மருத்துவமனையில் அவர் வார்டு சுற்றும்போது மாணவர்கள் ஸ்கேனைக் கையில் மறைத்துப் பிடித்திருக்க வேண்டுமாம். நோயாளியைப் பரிசோதித்து, கோளாறு இருக்கும் இடத்தைச் சொன்ன பிறகே படத்தை வெளிச்சத்தில் பிடிக்க அனுமதி. விடை தவறானால் திட்டமாட்டார். நோயாளியிடம் திரும்பப் போய் மறுபடி பார்க்கச் சொல்வாராம். அவரிடம் படித்தவர்கள் இன்று தென் மாவட்டங்கள் எங்கும் இருக்கிறார்கள்.

காத்திருக்கும் அறைச் சுவரில் அவர் கையாலேயே எழுதிய இரண்டு அறிவிப்புகள் உள்ளன. ஒன்று: ‘பிள்ளை பெற்றவளுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள்.’ பிரசவமான பெண்ணுக்குத் தண்ணீரைக் குறைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் இருந்தது. உடம்பில் நீர் வற்றினால் மூளையின் சிரைகளில் இரத்தம் உறைந்து வலிப்பும் பக்கவாதமும் வரலாம். மதுரையில் பணியாற்றிய நரம்பியலாளர் கே. சீனிவாசன், கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மூளை இரத்தக் குழாய்களில் உறைவு ஏற்பட்ட 135 பெண்களைப் பற்றி 1983-ல் வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. மற்றொன்று வலிப்பைப் பற்றியது: கையில் இரும்புச் சாவி கொடுக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். காத்திருப்பவர்கள் அதை வாய்விட்டுப் படிப்பதையும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் படித்துக் காட்டுவதையும் பலமுறை பார்த்திருக்கிறேன்.

குறைகளும் உண்டு. டோக்கனைப் பிற்பகல் மூன்று மணிக்கு நேரில் வந்துதான் வாங்க வேண்டும், தொலைபேசியில் தருவதில்லை. ஒவ்வொருவருக்கும் அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தால் கடைசி டோக்கன்காரர்கள் இரவு பத்து மணி வரை உட்கார நேர்கிறது; வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய சிரமம். வாசலில் நான்கு உயரமான படிகள் இருக்கின்றன, சாய்தளம் இல்லை. நடக்க முடியாதவர்களே அதிகம் வரும் இடத்தில் இதைக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும், அவரிடமும் சொல்லியிருக்கிறேன். மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி., நரம்புக் கடத்தல் சோதனை எல்லாவற்றுக்கும் வெளியே போக வேண்டும். கட்டணம் 400 ரூபாய். ஒரு மாதத்துக்குள் மறுபடி வந்தால் வாங்குவதில்லை. மருந்துச் சீட்டைத் தெளிவான எழுத்தில், தமிழிலும் எழுதி, எந்த மாத்திரை எத்தனை நாள் என்பதற்கு அடிக்கோடு போட்டுத் தருகிறார்.

அவசரத்துக்கு இது ஏற்ற இடமன்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் திடீரென்று விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ டோக்கனுக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போய்விடுங்கள். மூளை இரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அவரே வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்லி அனுப்புகிறார்.

போகிறவர்கள் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்துப் பொட்டலங்கள் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர் ஒருவர் உடன் வருவது நல்லது. நோயாளி தூங்கும்போது என்ன நடக்கிறது என்பதையும் சாப்பிடும் வேகத்தையும் அவரால்தான் சொல்ல முடியும். ஆரப்பாளையத்தில் இறங்குகிறவர்களுக்குக் கோரிப்பாளையத்துக்கு நகரப் பேருந்து உண்டு. ஞாயிறு விடுமுறை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளை ஒட்டி அந்த வட்டாரத்தில் வண்டி நுழைய முடியாது என்பதால் அப்போதும் சில நாள்கள் பார்ப்பதில்லை. அதற்கு முந்தைய வாரமே போய்விடுவது நல்லது.