இடிப்பதா, எலும்புக்கூட்டை மட்டும் வைத்துக்கொள்வதா, குடியிருப்போரை வைத்தே செப்பனிடுவதா?

பூச்சில்லாத கான்கிரீட்டை அப்படியே வெளியே காட்டும் புரூட்டலிசப் பாணிக் குடியிருப்புகள் பற்றிய சண்டை பெரும்பாலும் அழகா, அசிங்கமா என்பதிலேயே நின்றுவிடுகிறது. கேட்க வேண்டியவை வேறு: கான்கிரீட்டின் உள்ளே இரும்புக் கம்பி எந்த நிலையில் இருக்கிறது? வேலை முடிந்தபின் அங்கே யார் வசிப்பார்கள்?

கிழக்கு லண்டனின் ராபின் ஹுட் கார்டன்ஸ் (1972, அலிசன், பீட்டர் ஸ்மித்சன் வடிவமைப்பு) இடிக்கக் கூடாத பாரம்பரியக் கட்டடங்களின் பாதுகாப்புப் பட்டியலில் இடம் பெறவில்லை; 2017இல் இடிப்பு தொடங்கியது. இடித்தவர்களின் வலுவான வாதம் எண்ணிக்கை. அங்கே இருந்தவை 213 வீடுகள். சுற்றுப்பகுதியையும் சேர்த்த புதிய திட்டத்தில் 1,500க்கும் மேல். வரியும் இடிப்பவருக்கே சாதகம்: பிரிட்டனில் புதிய வீடு கட்டினால் மதிப்புக்கூட்டு வரி பூஜ்யம், பழையதைப் புதுப்பித்தால் பொதுவாக 20 சதவீதம்.

ஷெஃபீல்டின் பார்க் ஹில் (1961) கிட்டத்தட்ட 1,000 வீடுகள் கொண்டது. 1998இல் பட்டியலில் சேர்ந்ததால் இடிக்க வழியில்லை. முதல் கட்டத்தில் கான்கிரீட் சட்டகத்தை மட்டும் விட்டு, செங்கல் சுவர்களை அகற்றி, வண்ண அலுமினியத் தகடுகளைப் பொருத்தினார்கள். கட்டடம் பிழைத்தது. ஆனால் வீடுகளில் பெரும்பாலானவை விற்பனைக்குப் போயின. இதை வெற்றி என்பவர்கள் கட்டடத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

பிரான்சின் போர்தோவில் கிராண்ட் பார்க் குடியிருப்பின் மூன்று கட்டடங்களை (530 வீடுகள்) கண்டிப்பாகச் சொன்னால் புரூட்டலிசத்தில் சேர்க்க முடியாது. அதே காலத்து அடுக்குமாடிகள். அவற்றைப் புதுப்பித்த கட்டடக் கலைஞர்கள் லகாட்டோன், வாசால் குழு யாரையும் வெளியேற்றவில்லை. முன் சுவருக்கு வெளியே தனியாக நிற்கும் சட்டகம் எழுப்பி, 3.8 மீட்டர் ஆழக் கண்ணாடிக் கூடத்தை ஒவ்வொரு வீட்டோடும் சேர்த்தார்கள். தளப்பலகை வைக்க அரை நாள், பழைய முகப்பை அறுக்க இரண்டு நாள், புதியதைப் பொருத்த இரண்டு நாள், உள்வேலைக்கு 8 முதல் 12 நாள். புதிய கூடம் குளிரைத் தடுக்கும் இடைவெளியாகவும் ஆகிறது. சட்டகம் நன்றாக இருந்தால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

அதைச் சோதித்தே தீர வேண்டும். கான்கிரீட்டைப் புதிதாக உடைத்து பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டிக் கரைசலைத் தெளியுங்கள்: இளஞ்சிவப்பானால் காரத்தன்மை இருக்கிறது, நிறம் மாறாத பகுதி கார்பனேட் ஆகிவிட்டது, அதாவது காற்றின் கரியமில வாயுவால் கம்பியைக் காக்கும் காரத்தை இழந்துவிட்டது. அந்த ஆழத்தை கம்பியின் மேலுள்ள கவரோடு (மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமனோடு) ஒப்பிட வேண்டும். கம்பியை எட்டியிருந்து ஈரமும் இருந்தால் துரு பிடித்து, பருத்து, மேல்கான்கிரீட்டைப் பெயர்க்கும். அப்போதும் பழுதான இடத்தைக் கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி, துருவை நீக்கி, பழுதுக் கலவை பூசலாம். மேலே மட்டும் பூசினால் சில ஆண்டுகளில் பக்கத்திலேயே விரிசல் கிளம்பும். வீட்டின் உள்தளமே பால்கனியாக நீளும் கட்டடங்களில் இன்னொரு தொல்லை: உட்பக்கம் மட்டும் வெப்பக்காப்பு போட்டால் தளத்தின் ஓரம் குளிர்ந்து, வியர்த்து, பூசணம் பிடிக்கும்.

தொழிற்சாலையில் வார்த்த பெரிய பலகைகளை அடுக்கிய கட்டடங்களின் கணக்கு வேறு. 1968இல் லண்டனின் ரோனன் பாயிண்டில் ஒரு எரிவாயு வெடிப்பு சுவர்ப்பலகையைத் தள்ள, ஒரு மூலை முழுவதும் மாடி மாடியாகச் சரிந்தது. அவற்றில் இணைப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். வலுப்படுத்த முடியாது என்று தெரிந்தால் இடிப்பதே சரி.