அல்ஜீப்ரா டைல்ஸ்: வாங்கும் முன் ஸ்கேலால் அளந்து பாருங்கள்

எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் பல்லுறுப்புக் கோவை (எக்ஸ்² + 5எக்ஸ் + 6 போன்றவை) தொடங்கும்போது, கோவையைத் துண்டுகளாக அடுக்கிக் காட்டப் பயன்படும் அல்ஜீப்ரா டைல்ஸ் செட்டுகள் பிளாஸ்டிக், ஃபோம், காந்தத் தகடு என்று பல வகையில் கிடைக்கின்றன. உள்ளே இருக்கும் அடிப்படைத் துண்டுகள் எல்லாவற்றிலும் ஒன்றேதான். பக்கம் எக்ஸ் அளவுள்ள பெரிய சதுரம் எக்ஸ்². எக்ஸ் நீளமும் 1 அகலமும் உள்ள பட்டை எக்ஸ். சிறு சதுரம் 1. பெரும்பாலும் பின்பக்கம் சிவப்பு, அது குறைக்குறிக்கு.

விலையைப் பார்க்கும் முன் பட்டையின் நீளத்தைப் பாருங்கள். சிறு சதுரங்களைப் பட்டை மேல் வரிசையாக வைத்தால் மிச்சமில்லாமல் பொருந்தவே கூடாது. ஐந்து சதுரம் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டால் மாணவர் ‘எக்ஸ் = 5’ என்று எழுதிவிடுவார்; மாறி என்று நீங்கள் சொன்னது அங்கேயே வீணாகிவிடும். இந்தக் குறை உள்ள செட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அடுத்தது, சிறு சதுரத்தின் பக்கம் 2 செ.மீ.க்குக் குறையக் கூடாது; குறைந்தால் விரலுக்குப் பிடிபடாமல் பெஞ்சுக்கடியில் போய்விடும். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். எனவே எந்தச் செட்டாக இருந்தாலும் பின்பக்கம் மார்க்கரால் ஒரு கழித்தல் குறி போட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் வழுக்கும், சத்தம் போடும். நாற்பது பேர் வகுப்புக்கு ஃபோம் மேல்.

கலைச்சொற்களை அறிமுகப்படுத்த இந்தச் செட் நன்றாகவே உதவுகிறது. ஒரே வடிவத்தின் குவியல் ஓர் உறுப்பு. குவியலில் எத்தனை என்பது, குறியோடு சேர்த்து, கெழு. எக்ஸ் எதுவானாலும் மாறாத சிறு சதுரங்கள் மாறிலி உறுப்பு. மூன்று குவியல் இருந்தால் மூவுறுப்புக் கோவை. 2எக்ஸ் + 3 = 5எக்ஸ் என்று எழுதும் கைக்கு இரண்டு பட்டையும் மூன்று சிறு சதுரமும் கொடுத்து ‘ஐந்து பட்டை எங்கே?’ என்று கேட்டால் போதும். ஒத்த உறுப்பு என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. 3எக்ஸ்² என்பது மூன்று பெரிய சதுரம், (3எக்ஸ்)² என்பது ஒன்பது. (எக்ஸ் + 3)² = எக்ஸ்² + 9 என்ற பழைய தவறும் இங்கே மாட்டிக்கொள்ளும். பெரிய சதுரத்துக்குக் குறுக்கு மூலையில் ஒன்பது சிறு சதுரத்தை வைத்தால் இரண்டு பக்கமும் ஓட்டை தெரியும். அதை அடைக்க 3 + 3 பட்டை வேண்டும்.

காரணிப்படுத்தல் என்றால் துண்டுகளை ஒரு செவ்வகமாக அடுக்குவது; அதன் இரண்டு பக்கங்களே காரணிகள். எக்ஸ்² + 5எக்ஸ் + 6 வரை சிக்கலில்லை. ஆறு சதுரத்தை 1×6 ஆக அடுக்கினால் ஏழு பட்டை கேட்கும். 2×3 ஆக அடுக்கினால் கையிலிருக்கும் ஐந்தே செவ்வகத்தை முடித்துவிடும். தகராறு எக்ஸ்² − எக்ஸ் − 6 வரும்போதுதான். ஆறு சிவப்புச் சதுரத்தை 2×3 ஆக வைத்தால் ஐந்து பட்டைக்கு இடம் இருக்கிறது, கையில் இருப்பதோ ஒரே ஒரு சிவப்புப் பட்டை. இரண்டு சிவப்பும் இரண்டு மிகைப் பட்டையும் (முன்பக்கம் தெரியும் +எக்ஸ் பட்டை) சேர்த்தால் மொத்த மதிப்பு மாறாது. மூன்று சிவப்பு ஒரு பக்கம், இரண்டு மிகை மறுபக்கம் என்று நிற்கும். அதாவது (எக்ஸ் − 3)(எக்ஸ் + 2). ஒரு மிகையும் ஒரு சிவப்பும் சேர்ந்து 0 ஆகும் பூச்சிய இணையை முன்பே பழக்காத வகுப்பில் ஓட்டையை அடைக்கக் கிடைத்த நிறத்தையெல்லாம் போட்டுவிடுவார்கள். ஆகவே முந்தைய வகுப்பிலேயே மூன்று இணைகளை மேசையில் வைத்து ‘இதன் மதிப்பு என்ன?’ என்று கேட்டுவையுங்கள். பரப்பளவு குறை எண்ணாக இருக்காது என்பதால், சிவப்பு நுழைந்த பிறகு படம் வெறும் கணக்கு வைக்கும் முறைதான். இந்தக் கட்டம் பிடிபட்டதும் டைல்ஸை எடுத்துவைத்து, நான்கு கட்டம் வரைந்து பெருக்கும் முறைக்குப் போய்விடலாம்.

இன்னொரு தொல்லை: சிவப்புப் பட்டையைப் பார்க்கும் பிள்ளைக்கு −எக்ஸ் எப்போதும் குறை எண் என்று பதிந்துவிடும். எக்ஸ் = −4 என்று கொடுத்து −எக்ஸ் கேளுங்கள்; 4 வர வேண்டும்.

வரையறைக்கு இந்தச் செட் கை கொடுக்காது. மாறியின் அடுக்கு 0, 1, 2, 3 என்று முழு எண்ணாக இருந்தால்தான் பல்லுறுப்புக் கோவை. 1/எக்ஸ், √எக்ஸ் ஏன் சேராது என்று காட்ட இதில் வழியில்லை. √2 எக்ஸ் சேரும், அதற்கும் துண்டு கிடையாது. எக்ஸ்³-க்குக் கனசதுரம் வேண்டும். 7 என்ற கோவையின் படி (மாறியின் மிக உயர்ந்த அடுக்கு) 0, பூச்சியக் கோவைக்குப் படி வரையறுக்கப்படவில்லை என்பதெல்லாம் கரும்பலகை வேலை. 2எக்ஸ்² + 5-இல் எக்ஸ்-இன் கெழு என்ன என்றால், மேசையில் பட்டையே இல்லாததால் பலர் விழிப்பார்கள். 0 என்று எழுத வைக்க வேண்டும்.

நம் தீர்ப்பு: கரும்பலகைக்குக் காந்தச் செட் ஒன்று வாங்குங்கள், மாணவர்களுக்கு வெட்டிக் கொடுங்கள். மஞ்சள், சிவப்பு ஏ4 தாள்களை முதுகோடு முதுகு ஒட்டிக் காயவிடுங்கள். தண்ணீர்ப் பசை தாளைச் சுருட்டிவிடும், குச்சிப் பசை போதும். அளவு: எக்ஸ் 7.3 செ.மீ., ஒன்று 2 செ.மீ. மேலே இரண்டு வரிசையில் நான்கு பெரிய சதுரம், அவற்றின் ஓரத்தில் ஆறு பட்டை. அதன் கீழே ஒரு வரிசையில் பத்துப் பட்டை. மிச்சத்தில் மூன்று வரிசையாக முப்பது சிறு சதுரம். இருவருக்கு இது தாராளம். ஒட்டிய பிறகுதான் வெட்ட வேண்டும். தனித்தனியாக வெட்டி ஒட்டினால் ஓரங்கள் பொருந்தாமல் செவ்வகம் கோணலாகும். ஜிப் கவரின் மேல் 4, 16, 30 என்று எழுதிவையுங்கள், திரும்ப வாங்கும்போது பிள்ளைகளே எண்ணிப் போடுவார்கள்.