பிட்ச் கேஜ்: துருப்பிடித்த சைலன்சர் போல்ட்டுக்காக வாங்கியது

திருவொற்றியூரில் கடலுக்கு நாலு தெரு தள்ளி வீடு. உப்புக்காற்றில் என் பழைய ஆல்டோவின் சைலன்சர் ஓட்டையாகி, புதிதும் வாங்கியாயிற்று. மாட்டத்தான் முடியவில்லை. முன் பைப்போடு சேரும் இடத்தில் ஸ்பிரிங் போட்ட போல்ட்டு இரண்டு உண்டு. 14 எம்எம் ஸ்பேனரை வைத்து ஒரு அழுத்து அழுத்தியதும் ஒன்று முறிந்து கையோடு வந்துவிட்டது.

துண்டைப் பக்கத்து ஹார்டுவேர் கடையில் காட்டினேன். "பத்து எம்எம் சார்" என்று கண்ணாலேயே அளந்து ஒன்றைக் கொடுத்தார். வண்டியில் இருந்த நட்டில் அது இரண்டு சுற்று போய் நின்றுவிட்டது. திரும்பப் போய்க் கேட்டால், "ஸ்பேனர் போட்டு இறுக்குங்க, போயிடும்." போகும், மரையும் சேர்ந்து போகும்.

பாரிமுனை செம்புதாஸ் தெருவில் 240 ரூபாய்க்கு இந்தப் பிட்ச் கேஜை வாங்கினேன். ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளிதான் பிட்ச். பல் வெட்டிய பிளேடுகளை மரையில் பொருத்திப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கும் கருவி இது. பேனாக்கத்தி மாதிரி மடங்கும். ஒரு பக்கம் மெட்ரிக், மறு பக்கம் விட்வொர்த் (பழைய ஆங்கிலேய அங்குல மரை) பிளேடுகள். போல்ட்டை வயர் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, நட்டுக்குள் ஒளிந்திருந்த பகுதியில் வைத்துப் பாருங்கள். துரு அங்கேதான் குறைவு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடைவெளி தெரியக்கூடாது. எனக்கு 1.25 எம்எம் பிளேடு கச்சிதமாக உட்கார்ந்தது. கடைக்காரர் கொடுத்தது 1.5. ஜப்பான் வழி வண்டிகளில் 10 எம்எம் போல்ட்டுக்கு 1.25 மரை சகஜம். சாதாரண ஹார்டுவேர் கடையில் 10 என்றால் 1.5தான் கைக்கு வரும்.

ஆனால் கேஜையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. மறு பக்கத்து 20 நம்பர் பிளேடும் அதே மரையில் உட்கார்ந்தது! அங்குலத்துக்கு 20 மரை என்றால் பிட்ச் 1.27. வித்தியாசம் ஒரு மயிரிழை. போதாக்குறைக்கு, துரு தின்றதில் போல்ட்டின் தடிமனை வெர்னியர் (நுண் அளவுகோல்) 9.6 எம்எம் என்று காட்டியது. பழைய ஆங்கிலேய வண்டிகளில் வரும் 3/8 அங்குல பிஎஸ்எஃப் (விட்வொர்த்தின் நெருக்கமான மரை வகை) போல்ட்டு 9.5 எம்எம், அதற்கும் 20 மரைதான். அரை மணி நேரம் எனக்கே மரை கழன்றுவிட்டதோ என்று உட்கார்ந்திருந்தேன். மரையின் கோணம் மெட்ரிக்கில் 60 டிகிரி, விட்வொர்த்தில் 55. துருவேறிய போல்ட்டில் அதைக் கண்ணால் பிரிப்பது கஷ்டம். கடைசியில் தீர்த்து வைத்தது ஸ்பேனர்தான். 14 ஸ்பேனர் ஆடாமல் பிடித்த தலை அங்குலக் கணக்கில் வராது.

குறைகள்: பிளேடில் பொறித்த எண் இப்போதே மங்கல், மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். பிடித்திருக்கும் திருகு லூசாகிப் பிளேடுகள் விசிறி மாதிரி விரிகின்றன. பெரிய குறை, சின்ன நட்டுக்குள் பிளேடு நுழையாது. மேனிஃபோல்டில் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) ஸ்டட், அதாவது தலையில்லாத போல்ட்டு, முறிந்தால் ஓட்டையின் மரையை இதை வைத்து அளக்க முடியாது. புதுப் போல்ட்டு விரலாலேயே நாலைந்து சுற்று போகிறதா என்று பார்ப்பதுதான் வழி.

காசு செலவழிக்க மனமில்லையா? பத்து மரையை ஸ்கேலில் அளந்தாலே போதும், 12.5 எம்எம் வந்தால் 1.25, 15 வந்தால் 1.5. எனக்கு அந்தத் துண்டில் முழுசாக ஆறு மரைதான் மிச்சம் இருந்தது.

அதே தெருவில் 10 x 1.25 என்று எழுதிக் கேட்டேன், தலையில் 8.8 என்று வலிமைக் குறி போட்ட போல்ட்டு இரண்டு கிடைத்தது. நட்டையும் புதிதாகப் போட்டேன். இரண்டும் விரலாலேயே கடைசிவரை போயின. ஐந்துக்கு மூன்றரை.