‘நாம் ஒரே குடும்பம்’ என்று சொன்ன இசைக்குழுவிடம் பதினொரு மாதம் சுமை தூக்கியவன் எழுதுவது

என்னை ஏமாற்றிய ராக் இசைக்குழு மறுபடியும் மேடை வேலைக்கு ஆள் தேடுகிறது. ‘அனுபவம் தேவையில்லை, ஆர்வம் போதும்’ என்று அறிவிப்புப் போட்டிருக்கிறார்கள். என்னைச் சேர்த்தபோதும் இதையேதான் சொன்னார்கள். குழுவின் பெயரை எழுதப் போவதில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கச்சேரிக்கு நான்கு மணி நேரம் முன்பே வேனில் சாமான் ஏற்ற வேண்டும். அரங்கில் இறக்கி, டிரம்ஸைப் பூட்டி, மைக்குகளை நிறுத்தி, யாரும் தடுக்கி விழாதபடி கேபிள்களை நாடாவால் ஒட்ட வேண்டும். கடைசிப் பாட்டு முடிந்ததும் அத்தனையையும் கழற்றி மறுபடி ஏற்ற வேண்டும். பேஸ் கிட்டாரின் ஸ்பீக்கர் பெட்டி ஒன்றே போதும் இடுப்பை முறிக்க. உள்ளே பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு, எடை 60 கிலோவுக்கு மேல். மேடைத் தொழிலில் அதற்குப் பெயரே ‘ஃப்ரிட்ஜ்’தான். நான் அதைத் தனியாளாகப் படியில் இறக்கிய இரவுகளில் குழுவின் நால்வரும் ரசிகர்களோடு படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதற்கெல்லாம் நான் மனம் கோணவில்லை. கேபிள் சுருட்டுவதுகூட எனக்குப் பிடித்த வேலை: ஒரு வளையம் மேலாக, அடுத்தது கீழாக, முறுக்கு விழாமல்.

சம்பளம் என்று எதுவும் இல்லை. டிக்கெட் வசூலில் பத்தில் ஒரு பங்கு தருவதாகப் பாடகர் வாய்வார்த்தையாகச் சொன்னார். முதல் இரண்டு கச்சேரிகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு வசூலெல்லாம் ஒலிப்பதிவுச் செலவுக்காகச் சேமிக்கப்படுவதாகச் சொன்னார்கள். பாடகரைக் கேட்டால் கணக்கு டிரம்மரிடம் இருக்கிறது என்பார். டிரம்மரைக் கேட்டால் பாடகர் சொல்லாமல் தர முடியாது என்பார். எந்த நிறுவனத்தோடும் ஒப்பந்தமாகாத குழு அது, மேலாளரும் கிடையாது. நான்கு நண்பர்களும் சுவரொட்டியில் ஒரு பெயரும்தான். யார் எனக்குக் கடன்பட்டவர் என்று விரல் நீட்டக்கூட ஆளில்லை.

“குடும்பத்துக்குள் யாராவது கணக்குப் பார்ப்பார்களா அண்ணா?” என்றார் பாடகர். நான் பார்க்கவில்லை. அது என் தப்பு.

கடைசிக் கச்சேரியின் மூன்றாவது பாட்டில் கிட்டார்காரரின் 100 வாட் வால்வு ஆம்ப்ளிஃபையர், அதாவது கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் கருவி, ஊமையானது. கருகிய வாடை. பின்னால் போய்ப் பார்த்தால், அதிலிருந்து ஸ்பீக்கர் பெட்டிக்குப் போகும் கேபிளின் பிளக் கைவைக்க முடியாத சூடு. நான் மாட்டியது சிவப்பு நாடா சுற்றிய ஸ்பீக்கர் கேபிள். அது தரையில் கிடந்தது. பெட்டியைத் தள்ளி வைப்பதற்காக, நீளம் போதாமல், கிட்டாருக்கான கேபிளை அவரே மாட்டியிருக்கிறார்.

இரண்டுக்கும் ஒரே 6.35 மில்லிமீட்டர் பிளக்தான். ஆனால் கிட்டார் கேபிளுக்குள் இருப்பது மெல்லிய மைய இழையும் அதைச் சுற்றிய வலையும். மிகச் சிறிய மின் சைகைக்கானது. 100 வாட்டை 8 ஓம் பெட்டிக்குக் கொடுக்கும்போது சுமார் 3.5 ஆம்பியர் ஓடும். அதற்குத் தடித்த இரண்டு கம்பிகள் வேண்டும். இணைப்பு அறுந்து, பெட்டியின் சுமை இல்லாமல் வால்வு ஆம்ப்ளிஃபையர் முழங்கினால் அதன் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறிக் கருகிவிடும். அன்று நடந்தது அதுதான்.

இரண்டு நாள் கழித்துக் கணக்கு வந்தது, அதுவரை கேட்டும் வராத கணக்கு. டிரான்ஸ்ஃபார்மர் மாற்றும் செலவும் எனக்கு வர வேண்டிய ஒன்பது கச்சேரிப் பங்கும் காசு பிசகாமல் சமமாக இருந்தன! ‘மேடை இணைப்புகள் உங்கள் பொறுப்பு’ என்று எழுதியிருந்தார்கள். அந்தச் செய்தியில் ‘அண்ணா’ இல்லை. ரசீது கேட்டேன். இன்றுவரை வரவில்லை.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இசை அரங்குகளில் 15 நிமிடச் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. காதடைப்பான்களும் வைத்திருக்கச் சொல்கிறது. நான் டிரம்ஸுக்குப் பின்னால் வெறுங்காதோடு நின்றேன். கேட்டதற்கு, பழகிவிடும் என்றார்கள்.

இந்தக் குழுவிடமோ இதுபோன்ற வேறொன்றிடமோ போகிறவர்கள், பணம் தரப்போகிற ஒருவரின் பெயரை முதலில் கேளுங்கள். ‘குழு தரும்’ என்றால் திரும்பி வந்துவிடுங்கள். தொகையை அவரே செய்தியாக எழுதி அனுப்பட்டும். அந்த இரவே, வேன் கிளம்பும் முன் வாங்கிவிடுங்கள். மேடையை அமைத்து முடித்ததும் எல்லா இணைப்புகளையும் பின்பக்கமிருந்து கைபேசியில் படமெடுங்கள். நான் எடுத்ததில்லை.

அந்தக் கேபிள் என்னிடம்தான் இருக்கிறது. சாமான் கட்டும்போது என் பையில் போட்டுக்கொண்டேன். பிளக்கின் மூடியைத் திருகிக் கழற்றினால் கருகி அறுந்த இழை தெரிகிறது. ஓரமாக, கிட்டார்காரரின் பெயரின் முதலெழுத்து, அவர் கையால் வெள்ளை மையில் எழுதியது.