நிபுணர்களின் சமூக உரையாடல்களைத் தோட்டத்திலிருந்து கேட்கும்போது

சமகாலச் சமூகம் எதிர்கொள்ளும் சவால்கள் குறித்துத் துறைசார் அறிஞர்கள் கலந்துரையாடும் ஒலிப்பதிவுகளைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். வானொலியில் தொடங்கிய இப்பழக்கம் கையடக்கத் தொலைபேசி வந்த பிறகு பெருகியது. தனியாகக் கேட்டுவந்த நான், இப்போது இலங்கை மலையகத்தில் ஹப்புத்தளைப் பக்கத்திலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தின் வாசிப்பறையில் கொழுந்து பறிக்கும் பெண்களோடும் ஓய்வுபெற்ற தொழிலாளர்களோடும் சேர்ந்து கேட்கிறேன். கடன், மது, முதுமை, கல்வி, காணியுரிமை, மண்சரிவு எனப் பல பொருள்களில் கேட்டாகிவிட்டது. ஓர் உரையாடல் பயன்படுமா என்பதை பேசும் அறிஞரின் பட்டங்களைக் காட்டிலும் கேள்வி கேட்பவரின் விடாப்பிடியே தீர்மானிக்கிறது என்பதுதான் இவ்வளவு காலம் கேட்டதில் நான் கண்டது.

இதற்கு மிகச் சிறந்த சான்று உள்ளூராட்சி பற்றிய ஒரு கலந்துரையாடல். எங்களிடம் வாக்கு வாங்கும் பிரதேச சபை தோட்டத்தில் எங்கள் பிரிவான டிவிஷனுக்கு வரும் பாதையை மட்டும் ஏன் செப்பனிடுவதில்லை என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் உள்ள கேள்வி. அந்த ஒலிப்பதிவில் பேசிய அறிஞரும் முதலில், தோட்டப்புறங்கள் அபிவிருத்தியில் புறக்கணிக்கப்பட்டுள்ளன என்ற வழக்கமான வாசகத்தோடு நிறுத்திக்கொள்ளவே பார்த்தார். நெறியாளர் விடவில்லை, எந்த விதியின்கீழ் அவ்வாறு புறக்கணிக்க முடிந்தது என்று மறுபடியும் கேட்டார். அப்போதுதான் விடயம் வெளிவந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை தன் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றதையும், அப்பிரிவு 2018இல் திருத்தப்பட்டதையும் அவர் பொறுமையாக விளக்கினார். கேட்டு முடித்ததும் எங்களுள் சிலர் அத்திருத்தத்தைக் குறிப்பிட்டுச் சபைக்குக் கடிதம் எழுதினார்கள். பாதை இன்னும் சீராகவில்லை. ஆனால், தோட்டப் பாதை தங்கள் அதிகாரத்துக்குள் வராது என்ற பழைய பதிலை இப்போது யாரும் எங்களிடம் சொல்வதில்லை.

மண்சரிவு பற்றிய உரையாடல்களுக்கு எங்கள் பகுதியில் தனிக் கவனம் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயன்கள் மண்ணுக்குள் போன காலையை மறந்தவர் இங்கு எவருமில்லை. நிலவியல் அறிஞர் ஒருவர் பேசிய ஒலிப்பதிவைப் பலமுறை போட்டுக் கேட்டிருக்கிறோம். நிலத்தில் புதிய வெடிப்புகள் தோன்றுவது, மரங்கள் சரிவது, ஊற்றுநீர் திடீரெனக் கலங்குவது, ஓடிக்கொண்டிருந்த ஊற்று காரணமின்றி நின்றுபோவது ஆகிய அறிகுறிகளை அவர் ஒவ்வொன்றாகச் சொன்ன விதம், சிறுவர்கள்கூட மனத்தில் வைத்துக்கொள்ளும்படி இருந்தது. அதே தொடரின் அடுத்த பகுதியோ ஏமாற்றமளித்தது. அபாயப் பகுதியிலிருந்து மக்கள் வெளியேறாததற்கு விழிப்புணர்வின்மையே காரணம் என்று அதில் நெடுநேரம் பேசப்பட்டது. கேட்டுக்கொண்டிருந்த முதிய பெண்மணி ஒருவர் என்னிடம், “போகச் சொன்னா போறோம் டீச்சர், எங்க போறதுன்னு யாரும் சொல்லலையே” என்றார். சொந்தக் காணி இல்லாத குடும்பத்துக்கு லயன் காம்பராவை, அதாவது அந்த ஓர் அறை வீட்டை, விட்டுப் போவது வேலையையும் பிள்ளையின் பாடசாலையையும் சேர்த்தே விட்டுப்போவதாகும் என்பதை அந்த மேசையில் இருந்த ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை.

சம்பளம் பற்றிய பொருளியல் விவாதங்களிலும் இதே குறை தொடர்கிறது. நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட காலத்தில் கேட்ட உரையாடல்கள் பலவும் உற்பத்தித்திறன் என்ற ஒரே புள்ளியைச் சுற்றி வந்தன. குறித்த கிலோ பறிக்காவிட்டால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும் என்ற நடைமுறையை நெறியாளர் அறிந்திருந்தால், அறிவிக்கப்பட்ட தொகை கைக்கு எப்படி வந்து சேர்கிறது என்று கேட்டிருப்பார். மாறாக, ஒரேயொரு வேளாண் அறிஞரின் பேச்சு எங்களுக்கு மிகவும் பயன்பட்டது. வயதான தேயிலைச் செடிகள் மீள்நடுகை செய்யப்படாமல் விடப்படுவதையும், செடிகளைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டிய மலையில் கொழுந்து திரும்ப எடுக்கும் காலத்தையும், 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது விளைச்சல் விழுந்ததையும் அவர் ஒன்றோடொன்று இணைத்துக் காட்டினார். கிலோ குறைவதற்குப் பறிப்பவளின் கையை மட்டும் காரணம் சொல்ல முடியாது என்பதை ஓர் அறிஞரின் வாயால் கேட்டபோது, அறையிலிருந்த பெண்களின் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மது பற்றிய பேச்சுகள் பெரும்பாலும் தனிமனித ஒழுக்கத்தோடு முடிந்துவிடுகின்றன. அவற்றை நாங்கள் இப்போது போடுவதில்லை. நுண்கடன் பற்றியவை பரவாயில்லை. வட்டி வாரந்தோறும் எப்படி ஏறுகிறது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டும் பதிவுகளைத் தேடிக் கேட்கலாம்.

நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. பள்ளத்தில் இருக்கும் லயன்களுக்குச் சிக்னல் கிடைப்பதில்லை. டவுனுக்குப் போகும்போது தரவிறக்கிக் கொண்டுவருவதே வழி. இரண்டு மணி நேரப் பதிவை ஒரே இருப்பில் கேட்பது, விடிந்ததும் மலைக்கு ஏறி மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தவர்களால் ஆகாத காரியம். ஆகவே கால் மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தி, பேசி, மீண்டும் தொடங்குகிறோம். ஆங்கிலம் அதிகம் கலக்கும் பகுதிகளை நானே தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவ்வாறு நிறுத்தும் இடங்களில் எழும் கேள்விகள் பல சமயம் ஒலிப்பதிவில் உள்ள கேள்விகளைவிடக் கூர்மையானவை. அரசாங்கம் வீட்டுக்குத் தரும் காணியின் உறுதிப்பத்திரம் கணவன் பெயரில் மட்டும் எழுதப்பட்டால், அவர் இறந்தபின் அல்லது விட்டுப் போனபின் அந்த வீட்டில் மனைவியின் உரிமை என்ன என்று ஒரு தங்கை கேட்டாள். காணியுரிமை பற்றி நான் கேட்ட உரையாடல்களில் இதை எழுப்பிய நெறியாளர் இதுவரை இல்லை.

இத்தகைய உரையாடல்களைத் தயாரிப்பவர்களிடம் நான் வேண்டுவது இதுதான்: பெருந்தோட்டம் பற்றிப் பேசும் நாளில் பேராசிரியருக்கு அருகில் ஒரு தொழிலாளியையும் அமர்த்துங்கள், முதல் கேள்வியை அவரைக் கேட்க விடுங்கள். புதிதாகக் கேட்கத் தொடங்கும் வாசகசாலைகளும் மாதர் சங்கங்களும் சட்டம், மண்சரிவு, ஓய்வுக்காலத்துக்கான சேமலாப நிதி ஆகியவை பற்றிய பதிவுகளை முதலில் எடுத்துக்கொள்ளலாம். பொதுவான சமூகச் சீரழிவு என்ற தலைப்பில் வருபவற்றைப் பின்னுக்குத் தள்ளி வைத்தாலும் குறையொன்றும் வராது.