திருமேனி திருவாரூரில், ஹோலோகிராம் ஊரில்: எது சரிப்படும்?

டெல்டாவில் பல சின்னக் கோயில்களின் உலோகத் திருமேனிகள், திருட்டுக்குப் பயந்து திருவாரூர் பாதுகாப்பு மையத்தில் இருக்கின்றன. திருவிழாவுக்கு ஊருக்கு வந்து போவதோடு சரி. மற்ற நாளில் மண்டபத்தில் முப்பரிமாண உருவம் வைக்கலாமா? (பூஜைக்கு அல்ல, குருக்கள் ஒப்பமாட்டார்.) ஹோலோகிராம் என்ற பெயரில் மூன்று வகை இருக்கிறது.

மலிவானது, நகைக்கடைகளில் சுழலும் எல்இடி விசிறி. அதன் அண்ணன், கண்ணாடியைச் சாய்த்து வைத்து பிம்பம் காட்டும் மேடை உத்தி. 1862-இல் லண்டனில் பேய் காட்டப் பயன்பட்டது. 2014 தேர்தலில் மோடி பல ஊர் மேடைகளில் தோன்றியதும் இப்படித்தான். இரண்டிலும் தெரிவது தட்டைப் படமே. பக்கவாட்டில் நகர்ந்தாலும் அம்மனின் காதுக்குப் பின்னால் ஒன்றும் புதிதாகத் தெரியாது.

அடுத்தது கணினி ஹோலோகிராம்: பொருளிலிருந்து வரும் ஒளி அலையைக் கணினியே கணக்கிட்டு, நுண்ணிய பிக்சல் திரையால் ஒளியை வளைத்து உருவாக்குவது. ஆசை காட்டுவதும் இதுதான், இடிப்பதும் இதுதான். ஒளியை நன்றாக வளைக்க வேண்டுமானால் பிக்சலின் அளவு ஒளியின் அலைநீளத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். இரு பக்கமும் 30 பாகை நகர்ந்து பார்க்க, பச்சை ஒளிக்கு அரை மைக்ரான் பிக்சல் தேவை (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இன்றைய நல்ல சில்லுகளில் அது 4 மைக்ரான் அளவு; பார்வைக் கோணம் மொத்தமே ஏழெட்டு பாகை. 30 செ.மீ. சதுரத் திரைக்கு சுமார் 36,000 கோடி பிக்சல் ஆகும். 4கே டிவியில் ஒரு கோடிகூட இல்லை! உருவம் அசைய வேண்டுமென்றால் அத்தனையையும் நொடிக்குப் பலமுறை கணக்கிட வேண்டும். லேசரில் காட்டினால் மணல் தூவியது போன்ற புள்ளிகள் வேறு.

மூன்றாவது பழசு: சோவியத் இயற்பியலாளர் டெனிஸ்யூக் 1962-இல் சொன்ன பிரதிபலிப்புத் தகடு, அதாவது பொருளின் ஒளி அலையையே பதித்து வைக்கும் ஹோலோகிராம் கண்ணாடி. லேசரில் ஒருமுறை பதித்தால், சாதாரண வெள்ளை ஸ்பாட் விளக்கிலேயே தெரியும். என் ஓட்டு இதற்குத்தான். பதியும்போது பொருள் அலைநீளத்தின் சிறு பங்குகூட அசையக் கூடாது; கனத்த வெண்கலச் சிலை அதற்கு ஏற்ற ஆள். அதன் நிறமும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், மூன்று நிற லேசர் இல்லாமலும் ஒப்பேற்றலாம். ஆனால் உருவம் அசையாது. தகட்டைவிடப் பெரிய சிலையை முழுதாகக் காட்டுவதும் சிரமம்.

காவிரிக் கரையில் இன்னொரு வில்லங்கம் ஈரம். தகட்டில் உருவம் பதிந்திருக்கும் ஜெலட்டின் படலம் ஈரத்தில் உப்பும், நிறம் சிவப்புப் பக்கம் நகரும். ஐப்பசி அடைமழைக்கு முன்பே கண்ணாடிக்குள் வைத்து ஓரங்களை அடைத்துவிட வேண்டும். விளக்கும் ஒன்றே, பதித்த கோணத்திலேயே. மண்டபத்து ட்யூப்லைட் எரிந்தால் பின்னால் இருக்கும் பாகமெல்லாம் மங்கிப்போகும். அதை அணைக்கச் சொல்ல ஒரு ஆளும் வேண்டும்.